என் மகளின் வலது கணுக்கால்: டேப் ஒட்டிப் பழகிய இரண்டு ஆண்டுகள்

எங்கள் வீட்டில் பழைய சிவப்புச் சிமெண்ட் தரை. குளித்துவிட்டு ஈரக்காலோடு என் மகள் உள்ளே வரும்போது அந்தத் தரையில் இரண்டு விதமான தடங்கள் விழும். இடது காலின் தடம் குதிகால், வெளியோரம், ஐந்து விரல்கள் என்று முழுமையாக இருக்கும். வலது காலின் தடத்திலோ விரல்களும் சுண்டுவிரல் பக்கத்து ஓரமும் மட்டுமே தெரியும். குதிகால் பதிய வேண்டிய இடம் காய்ந்தே கிடக்கும். மருத்துவர்கள் வாயால் சொல்லிப் புரியாத பல செய்திகளை அந்த ஈரத்தடம்தான் எனக்குப் புரியவைத்தது. மூளை முடக்குவாதத்தால் தூக்கியபடி நிற்கும் அந்தக் குதிகாலைத் தரைக்குக் கொண்டுவர நாங்கள் செய்தவற்றுள் ஒன்றான, தோலில் இழுவைப் பட்டை (டேப்) ஒட்டும் முறையைப் பற்றி, அதில் பட்ட காயத்தையும் பெற்ற பயனையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

அவள் நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில் பிறந்தவள். ஏழாம் மாதத்தில் கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கையால் மட்டுமே எட்டி வாங்கினாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். இடதுகைப் பழக்கம் போலும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் தெளிவாகச் சார்ந்திருப்பது ஓர் எச்சரிக்கை அடையாளம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், பிறப்பை ஒட்டிய காலத்தில் மூளையின் இடது பக்கத்துக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டதற்கான பழைய தழும்பு தெரிந்தது. வலது பக்கத்தைப் பாதித்த மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்றார்கள். இருபத்திரண்டாம் மாதத்தில் நடந்தாள். 1997-இல் கனடாவில் வகுக்கப்பட்ட, ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று சொல்லப்படும், நடமாடும் திறனை வகைப்படுத்தும் ஐந்து படி அளவுகோலில் அவள் இரண்டாம் படியில் இருந்தாள். அதாவது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாள். ஆனால் படியிலும் மேடுபள்ளத்திலும் தடுமாறுவாள்.

மூளை முடக்குவாதத்தில் பழுது மூளையில்தான் இருக்கிறது. பாதத்து எலும்புகளும் தசைகளும் பிறக்கும்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தளர்ந்துகொள் என்னும் கட்டளை கெண்டைச்சதைக்குச் சரியாக வந்து சேராததால், அது எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. பாதத்தை மேலே தூக்க வேண்டிய முன்னங்கால் தசையால் அந்த இழுப்பை வெல்ல முடிவதில்லை. என் மகளுக்கு இதோடு பாதம் உட்புறமாகத் திரும்பும் போக்கும் சேர்ந்திருந்தது. அவள் ஆழ்ந்து தூங்கும்போது அதே பாதம் தளர்ந்துவிடும். கையால் மெல்லத் தள்ளினால் மேலே வரும். விழித்து எழுந்து நின்றதும் மறுபடியும் விறைத்துக்கொள்ளும். டேப் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைத் தீர்மானிப்பதே தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் உள்ள இந்த வேறுபாடுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

இடையே ஒரு செய்தி. இந்தப் பாதிப்பை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் தாமே பாதம் வளைந்தவர். 1836-இல் ஜெர்மனிக்குச் சென்று, ஸ்ட்ரோமேயர் என்னும் அறுவை மருத்துவரிடம், கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணை வெட்டித் தளர்த்தும் சிகிச்சையைப் பெற்றுத் திரும்பினார். 1861-இல் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு நெடுங்காலம் இது லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது. இழுத்துப் பிடிக்கும் குதிநாணோடு வாழ்வது எப்படி என்பதைத் தம் உடம்பால் அறிந்த ஒருவர்தான் நம் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதினார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்று வயதில் அவளுக்கு ஏ.எஃப்.ஓ. செய்து கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து உள்ளங்கால் வரை வளைந்து வரும் கெட்டிப் பிளாஸ்டிக் தாங்கி அது. எங்கள் பக்கம் இதை ஸ்பிளின்ட் என்றும், பழக்கத்தில் காலிப்பர் என்றும் சொல்வார்கள். நல்ல கருவிதான், பள்ளிக்குச் செல்லும் வழியில் அவள் விழுவது பெருமளவு குறைந்தது. ஆனால் அதை ஷூவுக்குள் அணிந்தால்தான் பயன். ஷூவோடு வீட்டுக்குள் நடமாடும் வழக்கம் நம்மிடம் இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் ஷூ, சாக்ஸ், ஏ.எஃப்.ஓ. மூன்றும் வாசலிலேயே கழன்றுவிடும். ஷூ இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கோடு நடந்தால் சிமெண்ட் தரையில் வழுக்கும். சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்கார்ந்து விளையாடுவது, நிலைப்படியைத் தாண்டுவது, அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றுவது என்று அவளுடைய நாளின் பெரும்பகுதி வெறுங்காலில், தரை மட்டத்தில்தான் கழிந்தது. அந்த நேரமெல்லாம் வலது கால் தன் பழைய பழக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கால் நேராக நிற்க வேண்டிய நேரத்தில் கருவி வாசலில் நிற்கிறதே என்று நான் மருகாத நாள் இல்லை. டேப்பின் மீது எனக்கு நம்பிக்கை வந்ததற்கு இதுவே முதல் காரணம்: அது வெறுங்காலோடு வீட்டுக்குள் வரும்.

ஆனால் எங்கள் தொடக்கம் மோசமாக இருந்தது. நான்கு வயது முடிந்த மாதத்தில் ஒரு தனியார் சிகிச்சை மையத்தில் அவளுக்கு முதன்முதலாக டேப் ஒட்டினார்கள். விளையாட்டு வீரர்கள் தோளிலும் முழங்காலிலும் ஒட்டியிருப்பார்களே, அந்த நீலநிற இழுவைப் பட்டை. ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970-களில் உருவாக்கிய இந்த வகை டேப், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் உடலில் தெரிந்த பிறகே உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது. அந்த மையத்தில் தோல் ஏற்குமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பத்து முறை ஒட்டினால் கால் நேராகிவிடும் என்றும், பத்து முறைக்கும் சேர்த்து அன்றே பணம் கட்டினால் சலுகை உண்டு என்றும் சொன்னார்கள். கட்டினோம்.

மூன்றாம் நாள் இரவு அவள் புரண்டு புரண்டு அழுதாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வயிற்றைக் காட்டினாள். பாதிக்கப்பட்ட பக்கத்தில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடிய குழந்தைக்கு வலியின் இடத்தைச் சரியாகச் சுட்டத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் பட்டையை உரித்தபோது கணுக்காலின் முன்மடிப்பில், பட்டையின் முனை முடிந்த இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம் இருந்தது. நான் பதறி இழுத்ததில் அதன் மேல்தோல் பட்டையோடு வந்துவிட்டது. புண் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் ஏ.எஃப்.ஓ.வையும் அணிய முடியவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பதைவிட, பத்து முறையில் நேராகிவிடும் என்று ஒரு தாயிடம் கூசாமல் சொன்னதே இன்றுவரை என் மனத்தில் ஆறாமல் இருக்கிறது.

டேப்பே வேண்டாம் என்ற முடிவோடுதான் அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சென்றேன். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுவரும் மையங்களில் அதுவும் ஒன்று, கட்டணம் கிடையாது. அங்கிருந்த பிசியோ மேடம் முதலில் டேப்பைப் பற்றிப் பேசவே இல்லை. என் மகளை மேசையில் படுக்க வைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலைத் தம் உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, பாதத்தை ஒருமுறை விரைவாக மேலே தள்ளினார். ஓரிடத்தில் வெடுக்கென்று தடுத்தது. பிறகு அதே பாதத்தை மிக மெதுவாகத் தள்ளினார். தடுத்த இடத்தைத் தாண்டி, செங்கோணத்துக்கு மேலும் சில பாகை வந்தது. கோணமானியை வைத்து இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதாம்மா நமக்கு வேலை செய்யக் கிடைச்ச இடம். மெதுவாத் தள்ளியும் கால் வரலைன்னா தசையே குட்டையாயிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு டேப் ஒண்ணும் செய்யாது. பாப்பாவுக்கு இடம் இருக்கு."

இரண்டு ஆண்டுகளில் நான் கேட்ட மிகப் பயனுள்ள விளக்கம் இதுதான். உங்கள் பிள்ளைக்கு யாரேனும் டேப் ஒட்டலாம் என்று சொன்னால், இந்த இரண்டு அளவுகளையும் எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். பாதம் எப்படியும் செங்கோணத்துக்கு வராத நிலையில் மேலே பட்டையை ஒட்டி இழுப்பது, தாழிட்ட கதவைத் தள்ளுவது போன்றது, கிழிவது தோல்தான்.

அடுத்ததாகத் தோல் சோதனை. தபால்தலை அளவுள்ள துண்டு ஒன்றை, சிறிதும் இழுக்காமல், முன்கையில் ஒட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொன்னார். சிவந்து தடிக்கவோ அரிக்கவோ செய்தால் அந்தப் பசை அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் முதல்முறை வந்த கொப்புளம் பசையால் வந்ததில்லை. முனைவரை இழுத்து ஒட்டியதால் வந்தது. இதை எனக்கு உணர்த்துவதற்காக ஒரு பட்டையை என் முன்கையிலேயே இரண்டு விதமாக ஒட்டிக் காட்டினார். முனையையும் சேர்த்து இழுத்து ஒட்டிய இடத்தில் பத்தே நிமிடத்தில் கிள்ளுவதுபோல் இருந்தது. இரு முனைகளிலும் இரண்டு விரற்கடை அளவை இழுக்காமல் படியவிட்டு, நடுப்பகுதியை மட்டும் இழுத்து ஒட்டியது கையில் இருப்பதே தெரியவில்லை.

ஒட்டும் முறையை நான் அவரிடம் நான்கு முறை அருகில் உட்கார்ந்து பார்த்து, இரண்டு முறை அவர் கண்முன்னே செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்யத் தொடங்கினேன். எழுத்தைப் படித்துக் கற்றுக்கொள்ளும் வேலை அன்று இது. கைதான் கற்க வேண்டும். ஆயினும் வரிசையைச் சொன்னால் உங்கள் பிள்ளைக்கு ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது புரியும்.

முதலில் பத்து நிமிடம் இரு காலையும் வெதுவெதுப்பான நீரில் வைப்போம். விறைப்பு சற்றுத் தணியும். பிறகு விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். அவளை மணையில் உட்கார வைப்பேன். முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டைச்சதை தளர்ந்து பாதம் எளிதாக வரும். அவள் அழுதாலோ முரண்டு பிடித்தாலோ அன்று ஒட்டுவதில்லை, ஏனென்றால் அழும் குழந்தையின் தசை இன்னும் இறுகும். இறுகிய காலில் ஒட்டிய பட்டை தவறான நிலையைத்தான் பிடித்து வைக்கும். அடுத்துச் செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குதிகாலை இடது கையால் பற்றி, உட்பக்கம் சாய்ந்திருப்பதை நேராக்க வேண்டும். அதன் பிறகே முன்பாதத்தை மேலே தூக்க வேண்டும். குதிகாலை நேராக்காமல் முன்பாதத்தை மட்டும் தூக்கினால் பாதத்தின் நடுப்பகுதி தொய்ந்து வளையும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கால் சரியாகிவிட்டது போலத் தெரியும். குதிகால் மட்டும் தூக்கியபடியே இருக்கும். இந்தத் தவறை நான் மூன்று வாரம் செய்திருக்கிறேன். ஈரத்தடம்தான் காட்டிக்கொடுத்தது.

முதல் பட்டை குதிரை லாடம்போல் கணுக்காலைச் சுற்றும்: உட்புறக் கணு எலும்புக்கு மேலே தொடங்கி, குதிகாலுக்கு அடியில் சென்று, வெளிப்புறமாக மேலேறும். வெளிப்புறம் ஏறும்போதுதான் இழுக்க வேண்டும். அந்த இழுப்புதான் உள்ளே சாயும் குதிகாலை வெளியே ஈர்க்கிறது. இரண்டாவது பட்டை புறங்காலில் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து முன்னங்கால் எலும்பின் ஓரமாக முழங்காலுக்குக் கீழே வரை செல்லும். பாதத்தை மேலும் வெளியுமாகத் தூக்கச் சொல்லும் பட்டை இது. மூன்றாவது, குதிகாலிலிருந்து கெண்டைச்சதைமேல், ஏறக்குறைய இழுக்காமலே ஒட்டுவது. தாளிலிருந்து உரிக்கும்போதே இந்த டேப் சுமார் 10 விழுக்காடு இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது என்பதால், இழுக்காமல் ஒட்டினாலும் சிறு பிடிப்பு இருக்கும். எந்தத் திசையில் ஒட்டினால் தசை தூண்டப்படும், எந்தத் திசையில் ஒட்டினால் அடங்கும் என்ற கணக்கில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மேடம் அப்போதே சொன்னார். முனைகளை வட்டமாக வெட்டிவிடுவோம். கூர்மூலை பாவாடையிலும் போர்வையிலும் மாட்டிப் பிய்ந்துவிடும். ஒட்டி முடித்ததும் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றினால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். கடைசியாகக் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவேன். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த நொடியே எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும்.

5 செ.மீ. அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுருள், அவளுடைய சிறிய காலுக்கு எட்டு முறை வரை வரும். மருந்துக்கடையில் வெறுமனே டேப் என்று கேட்டால் காகித டேப்பையோ கிரேப் பேண்டேஜையோ எடுத்துத் தருவார்கள்; என் கணவர் இரண்டையும் வாங்கி வந்திருக்கிறார். விளையாட்டுக் காயங்களுக்குப் போடும் இழுபடாத வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப் வேறு வகை. அது பாதத்தை உறுதியாகப் பிடிக்கும். ஆனால் அடியில் மெல்லிய காப்புப் பட்டை இல்லாமல் குழந்தையின் தோலில் ஒட்டக்கூடாது. சிகிச்சையாளர் உடனிருந்து பயிற்சி தரும் நேரத்துக்கு மட்டும் ஒட்டி, முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதை வீட்டில் செய்ய எனக்கு ஒருபோதும் மேடம் அனுமதி தரவில்லை.

முதல்முறை சரியாக ஒட்டிய அன்று அவள் எழுந்து நின்று, இரண்டடி வைத்து, திரும்பிப் பின்னால் பார்த்தாள். "அம்மா, யாரோ என் காலைப் பிடிச்சுக்கிட்டே வர்றாங்க" என்றாள். டேப் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அது தசைக்கு வலுச் சேர்ப்பதில்லை; மூளையில் உள்ள தழும்பை மாற்றுவதில்லை. தோலின் வழியாக, பாதம் எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிறிதளவு தாங்கலும் தருகிறது. இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறிய அளவில் நடத்தப்பட்டவை. சிலவற்றில் நடையும் சமநிலையும் மேம்பட்டன. சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. தானாக நடக்கக்கூடிய, பாதிப்பு குறைந்த குழந்தைகளுக்கு, பயிற்சியோடு சேர்த்து ஒட்டும்போதுதான் ஓரளவு பயன் எதிர்பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். ஒட்டிவிட்டுக் குழந்தையைக் கைப்பேசியோடு உட்கார வைத்தால் அந்தப் பட்டை வெறும் அலங்காரம்தான்.

ஆகவே பட்டை காலில் இருக்கும் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதே எங்கள் முழுக் கவலையும் ஆயிற்று. முதல் பயிற்சி மணையிலிருந்து எழுவது. வலது பாதத்தை இடது பாதத்தைவிடச் சற்றுப் பின்னால் வைத்து எழச் சொன்னால் எடை தானாகவே வலது காலுக்குச் செல்லும். இல்லாவிட்டால் அவள் எல்லா வேலையையும் இடது காலிடமே கொடுத்துவிடுவாள். எழும்போது அத்தை, அதாவது என் மாமியார், அவளுடைய வலது முழங்கால்மீது உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்திக்கொடுப்பார். குதிகால் தரையைவிட்டுக் கிளம்பாமல் இருக்கும். ஒரு வேளைக்குப் பத்து முறை. அடுத்தது நிலைப்படி. இடது காலை முதலில் தாண்ட வைத்தால், அந்தக் கணம் உடம்பு முழுவதும் வலது காலில் நிற்கும். பின்கட்டுக்கும் முற்றத்துக்கும் நடுவே எங்கள் வீட்டில் மூன்று நிலைப்படிகள் இருக்கின்றன. ஒரு நாளில் அவள் அவற்றை எத்தனை முறை தாண்டுவாளோ அத்தனை முறையும் பயிற்சிதான்.

எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது கோலம். அந்த ஆண்டு மார்கழியில் அவள் தானும் புள்ளி வைப்பேன் என்று அடம்பிடித்தாள். முழுதாகக் குந்தி உட்கார்ந்தால் வலது குதிகால் எழும்பி, அவள் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள். அதனால் சாணளவு உயரமுள்ள முக்காலியில் உட்கார வைத்து, இரு பாதத்தையும் முழுதாக ஊன்றச் செய்து, எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் புள்ளி வைக்கச் சொன்னேன். முன்னால் குனிந்து கையை நீட்டும்போது முழங்கால் விரல்நுனிக்கு மேலே வரும், குதிநாண் நீளும், எடை பாதத்தில் அழுந்தும். சிகிச்சை மேசையில் கையால் இழுத்துச் செய்ய வேண்டிய அதே வேலையை அவள் ஐந்து புள்ளிக் கோலத்துக்காக அழாமல் செய்தாள். கோலமாவை வலது கையில்தான் எடுக்க வேண்டும் என்று அத்தை சொன்ன ஒழுங்கு கைக்கும் பயிற்சியாக அமைந்தது. மார்கழி முடிந்தும் நாங்கள் அதை நிறுத்தவில்லை. தை பாதிக்குப் பிறகு முக்காலியை எடுத்துவிட்டு மணையைப் போட்டோம். உயரம் குறையக் குறையக் கணுக்கால் அதிகமாக மடங்க வேண்டும் என்பதால், எந்த வாரத்தில் எவ்வளவு உயரம் என்பதை மேடமே முடிவுசெய்தார்.

இனி, எண்ணெய் விவகாரம். அத்தை தினமும் பேத்தியின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். எண்ணெய் ஏறிய தோலில் டேப் அரை நாள்கூட நிற்காது. வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. பேத்திக்காகத் தம் கையால் செய்யக்கூடிய ஒன்றை நான் பறித்துவிட்டேன். இதை மேடத்திடம் சொன்னபோது, உரிப்பதற்கு எண்ணெய்தானே வேண்டும் என்றார். அதிலிருந்து பிறந்தது எங்கள் வார ஒழுங்கு. பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும். சனிக்கிழமை மாலை ஒட்டிய பட்டையைச் செவ்வாய்க் காலையில் அத்தை எண்ணெயில் ஊறவைத்து உரிப்பார். பிறகு காலை நீவி, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தோலுக்கு ஒன்றரை நாள் ஓய்வு. புதன் மாலை மறுபடியும் ஒட்டினால் வெள்ளிக் காலையில் உரிப்பது. இந்த ஒழுங்கு வந்த பிறகு ஒருமுறைகூடத் தோல் புண்ணாகவில்லை. அத்தைதான் இப்போது எங்கள் வீட்டில் தோலைக் கண்காணிப்பவர். சிவப்பு தென்பட்டால் என்னைவிட முன்னதாக அவருக்குத் தெரியும்.

உரிப்பதில் அவசரம் கூடாது. பட்டைமேல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மேல் முனையிலிருந்து மயிர் படிந்திருக்கும் திசையிலேயே, பட்டையைத் தன்மேல் தானே மடித்தாற்போல் தாழ்வாக உரிக்க வேண்டும். மறு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டென்று மேலே இழுப்பது தோலை உரிப்பதற்கே சமம். கத்திரி வெயிலில் வேர்க்குரு வந்தால் ஒட்டுவதை நிறுத்திவிடுவோம். காய்ச்சல், கொசுக்கடிப் புண், சிரங்கு, காரணம் தெரியாத வீக்கம் ஆகியவற்றின்போதும் அப்படியே. குளித்தபின் பட்டையைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். முடி உலர்த்தும் கருவியால் உலர்த்தினால் சூட்டில் பசை மேலும் இறுகிவிடும்.

பள்ளிக்கு ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: விரல்கள் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, அவள் அடிக்கடி காலைச் சொறிந்தாலோ, காரணமில்லாமல் அழுதாலோ உடனே என்னைக் கூப்பிடுங்கள். அவளுடைய ஆசிரியை மதிய உணவு வேளையில் தினமும் அவள் விரல்களைப் பார்த்தார். அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன்.

காத்திருக்கும் அறையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனும் அவன் தாயும் எங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். இரு காலும் பாதிக்கப்பட்டவன். பிடித்துக்கொண்டும் நிற்க இயலாது. என் மகளின் பட்டையைப் பார்த்து அந்தத் தாய் தம் மகனுக்கும் அது வேண்டும் என்று கேட்டார். மேடம் அவனுடைய பாதத்தை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அவனுக்கு வேண்டியது வாரந்தோறும் கோணத்தைக் கூட்டிப் போடும் மாவுக்கட்டும் எலும்பு மருத்துவரின் கருத்தும்தான் என்றும், அதற்கு முன்னதாக இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இரு காலும் பாதிக்கப்பட்டு, நிற்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு வெளித்தெரியாமலே நழுவக்கூடும். கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்து இடுப்பை விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தத் தாய் அன்று அழுதார். பொய்யான நம்பிக்கைக்குப் பணம் கட்டி வந்தவள் என்ற முறையில், அன்று அவருக்கு உண்மை சொல்லப்பட்டது நல்லதே என்று நான் நினைத்தேன்.

எங்களுக்கும் எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. ஐந்தரை வயதில் சில மாதங்களுக்குள் மளமளவென்று வளர்ந்தாள். எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த தசையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஈரத்தடத்தில் குதிகால் மறுபடியும் காணாமல் போயிற்று. பட்டையை நான் சரியாக ஒட்டவில்லை போலும் என்று இரண்டு வாரம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டேன். அளந்து பார்த்தபோது, மெதுவாகத் தள்ளினாலும் பாதம் செங்கோணத்தோடு நின்றுவிட்டது, இடைவெளி சுருங்கியிருந்தது. மருத்துவர் கெண்டைச்சதையில், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டார். அதன் தளர்ச்சி பொதுவாக மூன்று மாதத்தளவில் குறையத் தொடங்கும். அந்தக் காலத்துக்குள் தசையை நீட்டிப் பழக்கிவிட வேண்டும். முதல் மூன்று வாரம் மாவுக்கட்டு, பிறகு பழையபடி டேப்பும் முக்காலியும் நிலைப்படியும். பகலில் வெளியே செல்லும்போது அளவு மாற்றிச் செய்த புதிய ஏ.எஃப்.ஓ.வை அணிவித்தோம். டேப் இவற்றில் எதற்கும் மாற்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் உண்டு.

இப்போது அவளுக்கு ஆறு வயது. பெரும்பாலான நாள்களில் வலது குதிகாலின் தடம் தரையில் விழுகிறது, இடதைவிட மங்கலாக. காய்ச்சல் வந்த நாள்களிலும், ஓடியாடிக் களைத்த மாலைகளிலும் விழுவதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தடத்தைப் படமெடுத்து, அருகில் ஒட்டிய நாளையும் அவள் செய்த பயிற்சியையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மேடம் என் வாய்மொழியைவிட அந்த நோட்டையே நம்புகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை அத்தைக்கு உடம்பு சரியில்லை. நான் அடுப்படியிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவதற்குள் அவளே மணையில் உட்கார்ந்து காலை மடித்து வைத்திருந்தாள். எண்ணெயைத் தடவிவிட்டு, பத்து நிமிடம் ஆனதும் தானே உரிப்பேன் என்றாள். மூடியே கிடந்த அந்த வலது கையை விரித்து, உள்ளங்கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பட்டையின் முனையை மடித்து மடித்துக் கீழே கொண்டுவந்தாள். மூன்று பட்டைகளையும் உரித்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. நான் கைவைக்கவில்லை.